பேருருவா, பெருங்கூட்டமா?

உயிரினங்களில் உள்ள பெருமூலக்கூறுகள் எத்தனை வகை என்று மேல்நிலைப் பள்ளி மாணவரைக் கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்: கார்போஹைட்ரேட், புரதம், நியூக்ளிக் அமிலம், லிப்பிடு. தேர்வுக்கு இது போதும். ஆனால் இந்த அட்டவணையில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. முதல் மூன்றும் பெரியவையாக இருப்பதற்கான காரணம் வேறு. நான்காவது பெரியதாகத் தெரிவதற்கான காரணம் வேறு.

ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு துண்டு ஈரலை டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் விட்டு உரலில் மசிய அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். வடிந்த நீரில் சர்க்கரைகள், அமினோ அமிலங்கள் போன்ற சிறிய மூலக்கூறுகள் இருக்கும். அவற்றின் மூலக்கூறு எடை 18 முதல் 800 டால்ட்டன் வரை. துணியில் தங்கிய சக்கையில் புரதமும் நியூக்ளிக் அமிலமும் பல்சர்க்கரையும் இருக்கும். இவை பத்தாயிரம் டால்ட்டனுக்கும் மேற்பட்டவை. லிப்பிடும் அந்தச் சக்கையில்தான் இருக்கிறது. அதன் தனி மூலக்கூறின் எடையோ பெரும்பாலும் 800ஐத் தாண்டுவதில்லை. செல் சவ்வு அரைபடும்போது சுக்குநூறாகி, ஒவ்வொரு துண்டும் சுருண்டு சிறு பையாகிவிடுவதால் அது துணியைத் தாண்டுவதில்லை. ஆக, சக்கையில் மூன்று பேருருவங்களும் ஒரு பெருங்கூட்டமும் சேர்ந்து கிடக்கின்றன.

பேருருவா, பெருங்கூட்டமா என்ற இந்தக் கேள்வி வேதியியலாளர்களைப் பல பத்தாண்டுகள் ஆட்டிவைத்தது. அந்த வழக்கில் நின்றவர்களைத் தேடினால், தென்மேற்கு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரமே திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது.

மூலக்கூறு என்றால் என்ன?

1860 செப்டம்பர் 3 முதல் 5 வரை, பாடன் சட்டமன்றம் கூடும் கட்டடத்தில் ஐரோப்பாவின் வேதியியலாளர்கள் கூடினார்கள். வேதியியலின் முதல் பன்னாட்டு மாநாடு அதுதான். கெக்குலே, வூர்ட்ஸ், கார்ல்ஸ்ரூஹேப் பேராசிரியர் வெல்ட்சீன் ஆகிய மூவரும் அழைப்பு விடுத்திருந்தார்கள். அப்போதைய குழப்பத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். கெக்குலே தம் பாடநூலில் அசிட்டிக் அமிலத்துக்கு மட்டும் அன்று புழக்கத்தில் இருந்த 19 வாய்பாடுகளைப் பட்டியல் இட்டிருந்தார். அணு எது, மூலக்கூறு எது என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை.

மாநாடு வாக்கெடுத்து எதையும் முடித்துவிடவில்லை. கடைசி நாளில் இத்தாலியர் கன்னிசாரோவின் சிறு நூல் ஒன்றை அவருடைய நண்பர் பாவேசி வந்தவர்களுக்குக் கொடுத்தார். அணு எடையையும் மூலக்கூறு எடையையும் பிரித்துக் கணக்கிடும் வழி அதில் இருந்தது. மெண்டலீவும் லோதர் மேயரும் அங்கிருந்து தெளிவோடு திரும்பியவர்கள். மூலக்கூறுக்கு எடை உண்டு, அதை அளக்கலாம் என்ற இந்த அடித்தளம் இல்லாமல், ஒரு மூலக்கூறு எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்று கேட்கவே முடிந்திருக்காது. அதைக் கேட்டவர்களுள் கெக்குலேயும் ஒருவர். 1877இல் பான் பல்கலைக்கழகத்தில் உரையாற்றியபோது, உயிரோடு நெருங்கிய பொருள்கள் மிக நீண்ட சங்கிலிகளாக இருக்கலாம் என்றும், அவற்றின் தனித்தன்மைக்கு அந்த நீளமே காரணமாகலாம் என்றும் அவர் ஊகித்தார். அந்த ஊகத்தை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரப்பரில் தொடங்கிய வழக்கு

1907இல் ஹெர்மான் ஸ்டவுடிங்கர் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். ரப்பரின் அடிப்படை அலகான ஐசோப்ரீனை ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கும் வேலையில் அங்கே ஈடுபட்டார். இங்கே ஒரு தகவல்: கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் விடியற்காலையில் வெட்டி எடுக்கும் பாலில் உள்ள ரப்பரும் ஓர் உயிர்ப் பெருமூலக்கூறுதான். பாடநூலின் நான்கு கட்டங்களில் எதிலும் அதை அடைக்க முடியாது.

அன்றைய பெரும்பான்மைக் கருத்து இதுதான்: ரப்பரும் புரதமும் ஸ்டார்ச்சும் சிறிய மூலக்கூறுகளே, ஏதோ ஒரு பலவீனமான ஈர்ப்பால் அவை கூட்டமாக ஒட்டிக்கொண்டு கூழ்மமாகத் தோன்றுகின்றன. சோப்பு அப்படித்தான் நடந்துகொள்கிறது என்பதால், மற்றவையும் அப்படியே என்று எண்ணினார்கள். ஸ்டவுடிங்கர் 1912இல் சூரிச்சுக்குப் போனார். 1920இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு நேரெதிராக எழுதினார்: இவை ஆயிரக்கணக்கான அணுக்கள் சாதாரணச் சகப்பிணைப்பால் கோத்துக்கொண்ட ஒற்றை மூலக்கூறுகள். 1922இல் ரப்பரில் ஹைட்ரஜனை ஏற்றிச் சோதித்தார். அணுக்களின் இரட்டைப் பிணைப்புகளில் எஞ்சிய ஈர்ப்புதான் கூட்டத்தைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது என்றால், அந்தப் பிணைப்புகள் போனதும் கூட்டம் கலைந்து, எளிதில் ஆவியாகும் திரவம் மிஞ்ச வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஹைட்ரஜன் ஏறிய ரப்பரும் முன்போலவே கூழ்மத்தன்மையோடு இருந்தது.

எதிரே நின்றவர்களும் சாமானியர்கள் அல்லர். ரிச்சர்டு வில்ஸ்டேட்டர் 1872இல் கார்ல்ஸ்ரூஹேயில் பிறந்தவர்; பச்சையம் பற்றிய ஆய்வுக்காக 1915இல் நோபல் பெற்றவர். ஹைன்ரிக் வீலாண்ட் கார்ல்ஸ்ரூஹேக்குப் பக்கத்து ஊரான ப்ஃபோர்ட்ஸ்ஹைமில் பிறந்தவர். பித்த அமில ஆய்வுக்காக 1927ஆம் ஆண்டின் நோபல் பெற்றவர். விந்தை என்னவென்றால், ஸ்டவுடிங்கர் சூரிச்சில் அமர்ந்தது வில்ஸ்டேட்டர் விட்டுச்சென்ற நாற்காலியில். 1926இல் ஃப்ரைபுர்க்கில் அமர்ந்தது வீலாண்ட் விட்டுச்சென்ற நாற்காலியில். 5000க்கு மேல் எடையுள்ள கரிம மூலக்கூறு கிடையாது, ரப்பரை நன்றாகத் தூய்மைப்படுத்தினால் அது படிகமாகித் தன் சிறிய உருவைக் காட்டிவிடும், எனவே இந்த எண்ணத்தைக் கைவிடுங்கள் என்று வீலாண்ட் தமக்கு அறிவுரை சொன்னதை ஸ்டவுடிங்கர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

வீலாண்ட் பிடிவாதத்தால் இப்படிச் சொன்னார் என்று தள்ளிவிட முடியாது. அவர் காலமெல்லாம் ஆராய்ந்த பித்த அமிலங்கள் சில நூறு டால்ட்டன் எடையுள்ளவை. நீரில் கூட்டமாகச் சேர்பவை. தம் மேசைமேல் இருந்த பொருளை அவர் சரியாகவே அறிந்திருந்தார். அதே விதி எல்லாப் பொருளுக்கும் செல்லும் என்று நம்பியதுதான் தவறு.

1926இல் டுசெல்டார்ஃபில் நடந்த இயற்கை அறிஞர் மாநாட்டில் இரு தரப்பும் மோதின. தலைமை வகித்தவர் வில்ஸ்டேட்டர். பெரும்பாலோர் கூட்டம் என்றே வாதிட்டார்கள். படிகவியலாளர் ஹெர்மான் மார்க் ஒரு முக்கியமான தடையை நீக்கினார்: எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரியும் அலகுக்கூடு சிறியது என்பதால் மூலக்கூறும் சிறியதாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒரே சங்கிலி பல கூடுகளை ஊடுருவிப் போகலாம். அடுத்த ஆண்டு லுட்விக்ஸ்ஹாஃபன் ஆலைக்கு வேலைக்கு வந்த மார்க், அங்கிருந்தபடியே கார்ல்ஸ்ரூஹேயிலும் பாடம் நடத்தினார். ஸ்டவுடிங்கருக்கு நோபல் வந்தது 1953இல், அவருடைய 72ஆம் வயதில்.

கார்போஹைட்ரேட்: ஒரே அலகு, பல வேலை

பல்சர்க்கரைகளில் ஸ்டவுடிங்கர் பக்கமே வென்றது. ஸ்டார்ச், கிளைக்கோஜன், செல்லுலோஸ் மூன்றுக்கும் அலகு ஒன்றுதான்: குளுக்கோஸ். வேறுபாடு எல்லாம் இணைப்பின் கோணத்திலும் கிளையிலும் இருக்கிறது. ஆல்பா இணைப்பில் சங்கிலி சுருள்கிறது. நம் உமிழ்நீரின் அமைலேஸ் அதை வெட்டிவிடும். பீட்டா இணைப்பில் சங்கிலி நேராக நீள்கிறது. பல சங்கிலிகள் பக்கம் பக்கமாகப் படிந்து இறுகுகின்றன. பருத்தி இழையில் ஒரு செல்லுலோஸ் சங்கிலியிலேயே பத்தாயிரம் அளவில் குளுக்கோஸ் இருக்கும். அதைச் செரிக்கும் நொதி நம் உடலில் இல்லை. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களிடம் இருக்கிறது.

கிளைக்கோஜன் விலங்குகளின் கையிருப்பு. ஈரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் இருக்கும். அடர்த்தியாகக் கிளைத்திருப்பதால் ஒரே நேரத்தில் பல முனைகளிலிருந்து குளுக்கோஸைக் கழற்ற முடிகிறது. பேருந்தைப் பிடிக்க ஓடும்போது தசைக்குத் தேவைப்படுவது இந்த வேகம்.

பல்சர்க்கரைக்குள்ளும் கூட்டத்துக்கு இடம் உண்டு. அரிசி வேகும்போது ஸ்டார்ச் மணிகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன, உள்ளிருக்கும் படிக அடுக்கு குலைகிறது. சோறு ஆறும்போது, கிளையில்லாத அமைலோஸ் சங்கிலிகள் ஒன்றை ஒன்று தேடிச் சேர்ந்து மறுபடி இறுகுகின்றன. இரவு தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோற்றில் செரிமானத்துக்கு எளிதில் இடம்கொடாத ஸ்டார்ச் கூடுவது இதனால்தான். சங்கிலிகளுக்குள் இருக்கும் பிணைப்பு ஒன்றுகூட மாறவில்லை. சங்கிலிகள் சேர்ந்திருக்கும் விதம் மட்டுமே மாறியது.

புரதம்: வரிசையும் மடிப்பும்

எமில் ஃபிஷர் 1907இல் 18 அமினோ அமிலங்களைக் கோத்து ஒரு பெப்டைடை உருவாக்கினார். புரதம் இதைவிட மிகப் பெரியதாக இருக்கும் என்று அவரும் நம்பவில்லை. வில்ஸ்டேட்டர் நொதிகளைப் புரதமாகவே ஏற்கவில்லை. புரதத்துக்கான சோதனைகள் எதுவும் காட்டாத அளவுக்குத் தூய்மைப்படுத்திய பிறகும் நொதி வேலை செய்தது. ஆகவே செயல்படுவது ஏதோ சிறு மூலக்கூறு, புரதம் அதைச் சுமக்கும் தாங்கி மட்டுமே என்றார். உண்மையில் நொதி மிகச் சிறு அளவிலேயே வேலை செய்யக்கூடியது. அன்றைய சோதனைகளுக்கு அந்த நுட்பம் போதவில்லை. 1926இல் அமெரிக்கர் ஜேம்ஸ் சம்னர், நம் தம்பட்டங்காய்க்கு உறவான ஓர் அவரையிலிருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாகவே எடுத்துக் காட்டினார். அது புரதமாக இருந்தது. அதே காலத்தில் ஸ்வீடனில் ஸ்வெட்பெர்க் அதிவேக மையவிலக்கியில் ஹீமோகுளோபினைச் சுழற்றிப் பார்த்தார். சிறிதும் பெரிதுமான கலவையாக அல்லாமல், சுமார் 67,000 டால்ட்டன் என்ற ஒரே எடையில் அது படிந்தது.

புரதங்களின் வேலைப் பட்டியல் நீளமானது: வினையூக்கம், சுமத்தல், தாங்குதல், அசைத்தல், காத்தல், செய்தி கடத்தல். 20 வகை அமினோ அமிலங்களின் வரிசை மடிப்பைத் தீர்மானிக்கிறது. மடிப்பு வேலையைத் தீர்மானிக்கிறது. மடிப்பைப் புரிந்துகொண்டதில் சென்னைக்கு நிலையான இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய வடிவம் உடையது என்று முன்மொழிந்தார்கள். முறுக்கின் நடுவில் இடம் மிகக் குறுகல் என்பதால், மூன்றில் ஒரு இடத்தில் எல்லாவற்றிலும் சிறிய கிளைசீன்தான் உட்கார முடியும். 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று காட்டியது. இன்றும் புதிய புரத அமைப்பு எதைக் கண்டறிந்தாலும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்காமல் விடுவதில்லை.

ஆட்டுக்கால் பாயாவில் இந்த முறுக்கு அவிழ்வதைப் பார்க்கலாம். மணிக்கணக்கில் கொதிக்கும்போது மூன்று இழைகளைச் சேர்த்துப் பிடித்த ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போய், இழைகள் தனித்தனியாகக் குழம்பில் கரைகின்றன. ஆறினால் அரைகுறையாக மறுபடி பின்னிக்கொண்டு பாயா உறைகிறது. திரும்பச் சூடாக்கினால் இளகும்.

கூட்டம் சேர்வதே நோயாவதும் உண்டு. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்தால், ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நார்களாகி, இரத்தச் சிவப்பணுவை அரிவாளாக வளைக்கின்றன. இந்தியாவில் இந்த அரிவாள் செல் பண்பு முதன்முதலாகப் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்.

புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். அதன் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு அதுதான். காற்றில் கொட்டிக் கிடக்கும் நைட்ரஜனைப் பயிருக்கு எட்டும்படி செய்யும் வழியைக் கண்டதும் கார்ல்ஸ்ரூஹேதான். 1909 ஜூலையில் ஃபிரிட்ஸ் ஹாபர், உதவியாளர் ராபர்ட் லெ ரொசிங்னோலுடன், உயர் அழுத்தத்தில் ஆஸ்மியம் வினையூக்கியின் மேல் அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுவதைத் தொழிற்சாலைக்காரர்களுக்குக் காட்டினார். 1913இல் ஓப்பாவ் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. இன்று மனித உடலில் இருக்கும் நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதி இந்த வழியில் வந்தது என்று மதிப்பிடுகிறார்கள். வெடிமருந்துக்கும் அதே அம்மோனியா பயன்பட்டது. நச்சுவாயுப் போரை ஹாபர் முன்னின்று நடத்தியபோது, கார்ல்ஸ்ரூஹேயில் அவரோடு பணியாற்றிய ஸ்டவுடிங்கர் அதை வெளிப்படையாகக் கண்டித்தார்.

நியூக்ளிக் அமிலம்: நீளமே செய்தி

1869இல் டியூபிங்கனில் ஃபிரெடரிக் மீஷர், மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் படிந்த சீழிலிருந்து பாஸ்பரஸ் மிகுந்த ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். ஆல்பிரெக்ட் காசல் அதன் காரங்களை அடையாளம் கண்டு, கார்ல்ஸ்ரூஹேக்கு வடக்கே ஹைடல்பெர்க்கில் பேராசிரியராக இருக்கையில் 1910இல் நோபல் பெற்றார். ஆனால் டி.என்.ஏ.வையும் நான்கே அலகுகள் கொண்ட சிறு மூலக்கூறாகவே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அவ்வளவு சிறியதில் மரபுச் செய்தி எதை எழுதிவைக்க முடியும்?

அந்த எண்ணத்தை உடைத்தவர்களுள் ஸ்டவுடிங்கரின் மாணவர் ருடால்ஃப் சிக்னரும் ஒருவர். 1938இல் காஸ்பர்சன், ஹம்மர்ஸ்டன் ஆகியோருடன் அளந்து, டி.என்.ஏ.வின் எடை ஐந்து லட்சம் முதல் பத்து லட்சம் டால்ட்டன் வரை என்றார். 1950இல் கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த மிகத் தூய டி.என்.ஏ.வை அவர் லண்டனில் பகிர்ந்து கொடுத்தார். ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் எடுத்த புகழ்பெற்ற எக்ஸ் கதிர்ப் படங்கள் அந்தப் பொருளிலிருந்து வந்தவையே.

இன்று நமக்குத் தெரிந்த அளவு இன்னும் மலைக்கவைப்பது. மனிதரின் முதல் குரோமோசோமில் ஏறத்தாழ 24.9 கோடி காரஇணைகள் ஒரே தொடராக உள்ளன. ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் நீட்டினால் இரண்டு மீட்டர் வரும். இதிலும் இரண்டு விதப் பிடிப்பு இருக்கிறது: ஒவ்வோர் இழைக்குள்ளும் உறுதியான சகப்பிணைப்பு; இரண்டு இழைகளுக்கும் இடையே எளிதில் விடும் ஹைட்ரஜன் பிணைப்பு. கொரோனாக் காலத்தில் ஊரெல்லாம் பேசிய பி.சி.ஆர். சோதனை இந்த வேறுபாட்டை வைத்துத்தான் நடக்கிறது. சுமார் 95 டிகிரிக்குச் சூடாக்கினால் இழைகள் பிரியும், அறுபடாது. ஆறவைத்தால் ஒவ்வோர் இழையையும் அச்சாகக் கொண்டு புதிய இழை வளரும். படியெடுக்க வேண்டிய ஒரு மூலக்கூறில் சங்கிலி இறுக்கமாகவும் இணை தளர்வாகவும் இருந்தாக வேண்டும்.

லிப்பிடு: தோற்றவர்கள் வென்ற இடம்

டுசெல்டார்ஃப் மோதலுக்கு முந்தைய ஆண்டு, 1925இல், நெதர்லாந்தில் கோர்ட்டரும் கிரென்டெலும் இரத்தச் சிவப்பணுக்களின் லிப்பிடை எடுத்து நீரின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். அதன் பரப்பு செல்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. சவ்வு ஈரடுக்கு என்று முடிவுகட்டினார்கள். நீரை நாடும் தலை வெளியே, நீரை வெறுக்கும் வால் உள்ளே என்று, ஒவ்வொன்றும் 800 டால்ட்டனைத் தொடும் பாஸ்போலிப்பிடுகள் கோடிக்கணக்கில் அணிவகுத்து, சுமார் ஐந்து நானோமீட்டர் தடிமனில் செல்லின் எல்லையை அமைக்கின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சகப்பிணைப்பு இல்லை. அதனால்தான் சவ்வு வளைகிறது, கிழிந்தால் தானே மூடிக்கொள்கிறது, இரண்டாகக் கிள்ளிப் பிரியவும் செய்கிறது. சங்கிலியாகக் கோத்திருந்தால் செல் பிரியவே வழி இருந்திருக்காது.

இந்தக் கட்டத்தில் கூட்டம் என்று சொன்னவர்களே சரி. அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. கொலஸ்டிராலும் பிற ஸ்டீராய்டுகளும் ஐசோப்ரீன் அலகுகளிலிருந்து உருவாகின்றன, ரப்பரும் அப்படியே. இந்த ஐசோப்ரீன் விதியை வகுத்த லெயோபோல்ட் ரூசிச்கா, கார்ல்ஸ்ரூஹேயில் ஸ்டவுடிங்கரிடம் முனைவர் பட்டம் பெற்றவர்; 1939இன் நோபல் அவருக்கு வந்தது. லிப்பிடுகளின் குடும்பத்தில் பேருருவம் எடுத்த உறவினர் ரப்பர்.

சேமிப்பிலும் லிப்பிடுக்குத் தனி இடம். ஒரு கிராம் கொழுப்பு 9.3 கிலோகலோரியும், புரதமும் மாவுச்சத்தும் 4.1 கிலோகலோரியும் தரும் என்று 19ஆம் நூற்றாண்டில் மாக்ஸ் ரூப்னர் கணக்கிட்டார். அவர் பெயரைத் தாங்கிய ஜெர்மனியின் உணவாய்வு நிறுவனம் கார்ல்ஸ்ரூஹேயில்தான் தலைமையகம் கொண்டிருக்கிறது. உணவுப்பொருள்களின் சத்துப் பட்டியலைப் பேணிவருவதும் அதுவே.

இரண்டும் சேரும் இடம்

இரு தரப்பும் எதிர்பாராத இடத்தில்தான் உயிரின் முக்கால் வேலை நடக்கிறது: பேருருவங்களே கூட்டம் சேரும் இடத்தில். பாக்டீரியாவின் ரைபோசோமில் மூன்று ஆர்.என்.ஏ.க்களும் ஐம்பதுக்கு மேற்பட்ட புரதங்களும் சகப்பிணைப்பு இல்லாமலே பொருந்தி, 25 லட்சம் டால்ட்டன் எடையுள்ள புரதத் தொழிற்கூடமாகின்றன. அதன் அமைப்பை விளக்கியதற்காகச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். அதே ஆண்டில், புரதமும் ஆர்.என்.ஏ.வும் சவ்வே இல்லாமல் செல்லுக்குள் திரவத் துளிகளாகச் சேர்வதை டிரெஸ்டனில் புழுக்கருவில் கண்டார்கள். கூழ்மம் என்று கைவிட்ட பழைய சிந்தனை புது உருவில் திரும்பியிருக்கிறது. கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்ப நிறுவனத்தின் உயிரியல் இடைமுகங்கள் ஆய்வகத்தில், பெப்டைடுகள் லிப்பிடுச் சவ்வில் எப்படிப் படிகின்றன என்று காந்த ஒத்ததிர்வால் பார்க்கிறார்கள். அதுவும் சங்கிலி கூட்டத்தைச் சந்திக்கும் எல்லைதான்.

மைன்ஸ் நகர நிறுவனம் உருவாக்கிய கொரோனாத் தடுப்பூசியிலும் இரண்டும் சேர்ந்தே வேலை செய்தன. உள்ளே நாலாயிரத்துக்கு மேற்பட்ட அலகுகள் கொண்ட ஒரே ஆர்.என்.ஏ. சங்கிலி, ஓர் இடத்தில் அறுந்தாலும் செய்தி கெடும். வெளியே பிணைப்பின்றிச் சேர்ந்த லிப்பிடு உருண்டை. செல்லுக்குள் போனதும் அது கலைந்தாக வேண்டும். அறாமல் காக்க வேண்டியதற்குச் சங்கிலி, கலைய வேண்டியதற்குக் கூட்டம். செல்லும் இதே கணக்கில்தான் நடக்கிறது: மரபுச் செய்தியையும் புரத வரிசையையும் சகப்பிணைப்பில் பூட்டி வைக்கிறது, திறந்து மூட வேண்டிய சவ்வையும், பிரிந்து சேர வேண்டிய இழைகளையும், பொருந்தி விலக வேண்டிய நொதியையும் தளர்ந்த பிடியில் விட்டுவைக்கிறது.

ஆகவே பாடநூலின் நான்கு கட்டங்களை அழிக்க வேண்டியதில்லை. ‘எதனால் ஆனது’, ‘என்ன வேலை’ என்ற இரண்டு பத்திகளோடு ‘எது சேர்த்துப் பிடித்திருக்கிறது’ என்று மூன்றாவது பத்தி ஒன்றைச் சேர்த்தால் போதும். சோறு ஏன் இறுகுகிறது, பாயா ஏன் உறைகிறது, பி.சி.ஆர். ஏன் நடக்கிறது என்ற கேள்விகளுக்கு விடை அந்தப் பத்தியில்தான் இருக்கிறது.